காலூன்றினால் கணக்கில்லையாம்

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக் காரவள்ளியில் மிதிக்கத் தொடங்கிச் சோளக்காட்டில் இறங்கும் வரை சாலையில் ஒருமுறையேனும் காலூன்றியவர் மலையேறியவர் ஆகமாட்டார். அவருக்குப் பதக்கம் இல்லை, சான்றிதழ் இல்லை, முடித்தோர் பட்டியலில் பெயரும் இல்லை. சென்ற ஆண்டு அங்கு நடைபெற்ற மிதிவண்டி ஏற்றமொன்றின் விதி இது. இந்த ஆண்டுக்கான விண்ணப்பப் படிவத்திலும் அதே விதி, அதே நான்காம் எண்ணில், எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருக்கிறது. அது பொருளற்றது, நேர்மையற்றது, அதற்கும் மேலாக உயிருக்கு ஊறு விளைப்பது என்பது நம் கட்சி. நடத்துவோர் நம் நண்பர்கள்தாம். ஆயினும் நட்பின் பொருட்டு வாய்மூடியிருக்கும் காலத்தை நாம் ஓராண்டுக்கு மேல் நீட்டித்துவிட்டோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஏற்றத்தில் நாமும் கலந்துகொண்டோம். நம் துறையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவரும் வந்திருந்தார். அவருடைய ஊர் மலைமேல்தான். மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியையே கொண்டுவந்திருந்தார். கியர் கிடையாது, எடை இருபது கிலோவை ஒட்டியது, பின்னால் கேரியர், அதில் ரப்பர் பட்டையால் கட்டிய ஒரு பை. எவ்வகை மிதிவண்டியும் வரலாம் என்று அறிவிப்பில் இருந்தது. அதை நம்பி வந்தவர் அவர் ஒருவரே.

பத்தொன்பதாம் வளைவு வரை அவர் இறங்கவில்லை. அதன்பின் வளைவுகளில் இறங்கித் தள்ளுவதும், சரிவு தணிந்த இடங்களில் ஏறி மிதிப்பதுமாக நான்கு மணி பத்து நிமிடத்தில் மேலே வந்து சேர்ந்தார். நடத்துவோர் விதித்திருந்த காலவரையறை ஐந்து மணி நேரம். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் பட்டியலைப் பார்த்தார், வழியில் நின்ற தொண்டர் ஒருவரிடம் கைப்பேசியில் விசாரித்தார், பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதினார். மாணவர் சற்று நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நம்மிடம் திரும்பி, "முடிக்கலைன்னா நான் இப்ப எங்கங்கையா நிக்கிறேன்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. கழுத்தில் பதக்கத்தோடு நின்றுகொண்டிருந்தோம்.

விதியின் பக்கம் நிற்பவர் சொல்வதை முதலில் முழுமையாகக் கேட்போம். ஏனெனில் அதில் ஒரு நியாயம் உண்டு. விளையாட்டு என்பதே விதிதான் என்கிறார் நம் சகப் பேராசிரியர் ஒருவர். அவர் கணிதத்துறை. "தளை தட்டினால் அதை வெண்பா என்று ஒப்புக்கொள்வீர்களா? மதிப்பெண் குறைப்பீர்களா இல்லையா? மலையேற்றத்தில் மட்டும் ஏன் இந்த இளக்காரம்?" என்று நம் ஆயுதத்தை எடுத்தே நம்மைக் குத்தினார். நல்ல கேள்விதான். இரண்டு நாள் நம்மைத் தூங்கவிடவில்லை.

தளை தட்டிய செய்யுளை வெண்பா என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை என்பது மெய். ஆனால் அதை எழுதியவன் எழுதவே இல்லை என்று நாம் சொல்வதுமில்லை. வெண்பா அன்று என்போம். பா அன்று எனமாட்டோம். சங்கச் செய்யுட்களில் மிகப் பெரும்பாலானவை வெண்பா யாப்பில் அமைந்தவையல்ல, ஆசிரியப்பாவில் அமைந்தவை. வெண்பாவின் கட்டுப்பாட்டைக் கொண்டு அவற்றை அளந்து கபிலரையும் பரணரையும் 'முடிக்கவில்லை' என்று எழுதிவிட முடியுமா? காலூன்றாமல் ஏறுவது ஓர் யாப்பு. அந்த யாப்பில் வல்லவர்க்குத் தனிப் பட்டியல் வைக்கட்டும், பெரிய பதக்கமாகவே கொடுக்கட்டும், நாமும் கைதட்டுவோம். மலையேறுதல் என்னும் செயல் முழுவதையும் அந்த ஒரே யாப்பில் அடைப்பதுதான் நமக்குச் செரிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெண்பா எழுத உட்காரும் எல்லோரிடமும் இருப்பது ஒரே நெடுங்கணக்கு. கொல்லிமலை ஏற வருவோரிடம் இருப்பது ஒரே வண்டியா?

இங்கே கொஞ்சம் கணக்குப் போடவேண்டும்; இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க. கியர் இல்லாத நம் ஊர் மிதிவண்டியில் முன்பல்சக்கரத்திற்கு 44 பற்களும் பின்சக்கரத்திற்கு 18 பற்களும் இருப்பது பொதுவழக்கு. அதாவது மிதிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டருக்கு அருகில் நகரும். மலைக்கென அமைத்த கியர் வண்டியில் மிகத் தாழ்ந்த கியரில் முன்னும் பின்னும் 34 பற்கள் என்று வைத்துக்கொண்டால், மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றுதான். வண்டி நகர்வது இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். ஒரே மலை, ஒரே உயரம். ஒருவர் அதைச் சிறுசிறு கவளமாக உண்கிறார். மற்றவர் ஒவ்வொரு வாயிலும் இரண்டரை மடங்கு விழுங்கியாக வேண்டும்.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர்கிறோம்; சாலையோ இருபது கிலோமீட்டருக்கும் மேல். சராசரி எடுத்தால் நூற்றுக்கு நான்கைந்து மீட்டர் ஏற்றம்தான் வரும். இதைக் காட்டி 'அப்படியொன்றும் செங்குத்தில்லை' என்று வாதிடுவோர் உண்டு. சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் கதையை அவர்கள் கேள்விப்பட்டதில்லை போலும். கொண்டை ஊசி வளைவில் உட்புறம் வெளிப்புறத்தை விடக் கூர்மையாக எழும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஓரிடத்தில், ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு மாணவர் இருபது கிலோ வண்டியின் மிதிக்கட்டை மீது தம் முழு எடையையும் மாற்றி மாற்றி வைத்து நின்றாலும் வண்டி சீராக ஏறப் போதாது. கைப்பிடியை மேல்நோக்கி இழுத்து, தம் எடைக்கும் மேற்பட்ட விசையை முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் கடன் வாங்கி மிதிக்கவேண்டும். இரண்டு வளைவுக்குச் செய்யலாம். இருபதுக்குக்கூடச் செய்யலாம், நம் மாணவர் ஏறத்தாழ அவ்வளவு செய்தார். எழுபதுக்கும் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஒருநாள் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு காரவள்ளிக்கு வரட்டும், நாம் குடிநீர் சுமந்து பின்னால் வருகிறோம்.

'அப்படியானால் பேருந்தில் வந்தவருக்கும் பதக்கம் தரலாமே' என்று ஏளனம் செய்தார் ஓர் அன்பர். பேருந்தில் வருபவரைப் பேருந்து தூக்கிவருகிறது. தள்ளி வருபவர் தம்மையும் தூக்கிக்கொண்டு வண்டியையும் தூக்கிவருகிறார். பதக்கம் பெற்ற நம் வண்டி பதினொரு கிலோ. அவருடையது இருபது. ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு நம்மைவிட ஒன்பது கிலோ இரும்பை அதிகமாகக் கொண்டுசேர்த்தவரின் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறோம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? 'உலகெங்கும் இதுதான் மரபு' என்று நடத்துவோர் சொல்கின்றனர். மரபு என்ற சொல்லைக் கேட்டால் ஆசிரியர்க்கு இயல்பாகவே ஓர் அரிப்பு எழும், தேடிப் பார்த்தோம்.

மலையேற்ற மிதிவண்டிப் போட்டிகளின் புராணம் பெரும்பாலும் பிரான்சில் பிறந்தது. 1910இல் டூர் டி பிரான்ஸ் முதன்முறையாகப் பைரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்குள் நுழைந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மாலே கணவாயை முதலில் கடந்தவர் ஒக்தாவ் லாப்பீஸ். அவர் ஏறியும் இறங்கியும், மிதித்தும் தள்ளியும்தான் கடந்தார். அந்த நாளின் வெற்றியும் அவருக்கே, அந்த ஆண்டுப் பந்தயத்தின் வெற்றியும் அவருக்கே. குஸ்தாவ் கரிகூ என்பவர் தூர்மாலேயில் இறங்காமலே ஏறினார். அவருக்கு நூறு பிராங்க் தனிப்பரிசு கொடுத்தார்கள். கவனிக்கவேண்டியது இதுதான்: காலூன்றாதவருக்குத் தனிப்பரிசு, காலூன்றியவருக்கு ஒட்டுமொத்த வெற்றி. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மலையில் வழங்கியிருக்கிறார்கள். நாம் கேட்பதும் இதைத் தவிர வேறில்லை.

அந்தப் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெகிராஞ்சு இளகிய மனத்தர் அல்லர். 1913இல் அதே தூர்மாலேயின் இறக்கத்தில் யூஜின் கிறிஸ்தோப் என்னும் வீரரின் வண்டியில் முன்கவை முறிந்தது. வண்டியைச் சுமந்தும் தள்ளியும் பல கிலோமீட்டர் நடந்து, செந்த் மரீ தெ காம்பான் என்னும் சிற்றூரின் கொல்லன் உலைக்களத்தை அடைந்து, தம் கையாலேயே கவையை அடித்துப் பொருத்தினார். பிறர் உதவி பெறலாகாது என்பது விதி. துருத்தி ஊத ஒரு சிறுவன் துணைசெய்தான் என்பதற்காக அவருக்குத் தண்டம் விதித்தார்கள். துருத்தி ஊதியதைக்கூடக் குற்றமாக எண்ணிய கறாரான கண்கள், அவர் மலைச்சாலையில் நடந்து வந்ததைக் குற்றமாக எண்ணவில்லை. அவர் பந்தயத்தில் தொடர்ந்தார். பாரிஸ் வரை சென்று முடித்தார். முடித்தவராகவே எழுதப்பட்டார். அவர்கள் கேட்டதெல்லாம் உன் வண்டியை நீயே கொண்டுவந்தாயா என்பதுதான். இன்றும் பன்னாட்டு மிதிவண்டிக் கூட்டமைப்பின் சாலைப் பந்தயங்களில் வீரர் தம் வண்டியோடு நடந்து எல்லைக்கோட்டைக் கடந்தாலும் அது செல்லும். ஆக, உலக மரபு என்று இங்கே நீட்டப்படுவது, உலகம் எழுதாத ஒன்று.

(தெகிராஞ்சு 1937 வரை தம் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அது ஏற்றது என்பது அவர் கருத்து. அவர் கணக்குப்படி நமக்கு இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கிறது. கியர் வண்டியில் வந்து, தள்ளியவரைப் பார்த்து 'தூய்மை கெட்டது' என்பவர்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் மனத்தில் கொள்வது நல்லது. நேற்றுவரை அவர்கள் வண்டியே தூய்மைக்கேடாகத்தான் இருந்தது.)

வெளிநாட்டுச் சான்று வேண்டாம், நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து காட்டு என்பவர்களுக்காகவும் ஒன்று சொல்லவேண்டும். பத்துப்பாட்டில் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளில் பெரும்பகுதியை மலைவழி சொல்வதற்கே செலவிடுகிறது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு எங்கே விலங்குப் பொறி இருக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எங்கே தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் பறந்துவரும், எங்கே வழுக்கும் என்றெல்லாம் ஒருவர் நின்று சொல்கிறார். வழியில் எந்தெந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதையும் சொல்கிறார். நின்றும் தங்கியும் போவது மலைவழிக்கு இயல்பு என்று அறிந்தவர் குரல் அது. கொல்லிக்கே உரிய வல்வில் ஓரியை எடுத்துக்கொண்டாலும், ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்திய அவன் வில்திறத்தை வன்பரணர் வியந்து பாடுகிறார். திறத்திற்கு அங்கே குறைவின்றிச் சிறப்பு உண்டு. அதே பாட்டில், காட்டில் எதிர்ப்பட்ட பாடுநர் கூட்டத்திற்கு அவன் இறைச்சியும் பொன்னும் தருகிறான். வந்தவர் எப்படி ஏறி வந்தார் என்று அவன் பட்டியல் பார்த்ததாகச் செய்தியில்லை.

'அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது' என்று நீங்கள் சொல்லலாம். காலம் எந்த வண்டியில் ஏறிற்று, நடுவில் காலூன்றிற்றா என்று எவரும் கேட்டதில்லை என்பதையும் அருள்கூர்ந்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை போதும். உயிருக்கு ஊறு என்று தொடக்கத்தில் சொன்னோமே, அதற்கு வருவோம்.

காலூன்றினால் எல்லாம் போயிற்று என்று அறிந்த ஒருவர் களைத்துப்போனால் என்ன செய்வார்? சாலையின் குறுக்கே பாம்புபோல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து மிதிப்பார். நேரே ஏறினால் பத்து மீட்டர் தூரத்தில் ஏறவேண்டிய உயரத்தைக் குறுக்கே ஓடி இருபது மீட்டரில் ஏறும் உத்தி அது. ஆளற்ற சாலையில் அது அறிவு. கொல்லிமலைச் சாலை ஆளற்றதன்று. பேருந்தும் சரக்கு வண்டியும் சுற்றுலா வண்டியும் ஏறியிறங்கும் சாலை. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். மேலிருந்து வரும் ஓட்டுநருக்கு வளைவுக்கு அப்பால் இருப்பது தெரியாது. ஒலிப்பான் அடித்துத் திரும்புவார். கீழே ஒருவர், காதில் இரத்தம் இரைய, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்க ஓரத்தை நோக்கி வளைந்துகொண்டிருப்பார். சென்ற ஆண்டு முப்பத்தொன்றாம் வளைவுக்கு அருகில் இப்படியொரு பேருந்து ஓர் இளைஞருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றதை நாமே கண்டோம். ஓட்டுநர் திட்டிய திட்டு முழுவதும் நியாயமானது. "எறங்கித் தள்ளிட்டுப் போனா என்னய்யா கொறஞ்சு போயிடும்?" என்பது அதில் அச்சிடத் தக்க பகுதி. அந்த இளைஞர் இறங்கவில்லை. பேருந்தைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து மிதித்தார். பதக்கமும் பெற்றார்.

இன்னொருவர் ஐம்பதாம் வளைவைத் தாண்டிய பின் மிதித்துக்கொண்டே வாந்தியெடுத்தார். நிறுத்தி அமர்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெளிந்திருப்பார். நிறுத்தினால் பெயர் போய்விடும். நாற்பதைக் கடந்தவர் அவர். உடல் கெஞ்சும்போது நிறுத்தியவனைத் தண்டித்து, நிறுத்தாதவனுக்குப் பதக்கம் தரும் ஒரு விதியை எந்த மருத்துவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கினார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

படிவத்தில் எட்டு விதிகள் உள்ளன. பிரேக் பற்றி ஒன்றுமில்லை. மேலே ஏறிய அத்தனை பேரும் அதே எழுபது வளைவுகள் வழியேதான் இறங்கவும் வேண்டும். இரும்பு வளையத்தின் மீது ரப்பர் கட்டை உரசும் பிரேக், மலைத்தூறலில் நனைந்தால் பிடிப்பதற்குள் வண்டி வெகுதூரம் போய்விடும். தலைக்கவசத்தின் நிறம் பற்றிக்கூட ஒரு விதி வைத்தவர்கள், இறக்கத்தை முற்றாக மறந்துபோனார்கள். ஏற்றம் புகைப்படத்திற்கு உகந்தது. இறக்கத்தை யாரும் படமெடுப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்பத்தேழாம் வளைவில் நாம் காலூன்றினோம். தண்ணீர் குடிக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, பையிலிருந்த வாழைப்பழத்தை முன்னிட்டுக் குரங்கொன்று சாலையின் நடுவே வந்து அமர்ந்தது. காலை ஊன்றினோம். ஊன்றிய காலை எடுக்க மனம் வரவில்லை. இரண்டு நிமிடம் நின்று, நீர் குடித்து, பழத்தைக் குரங்கிடம் விட்டுவிட்டு ஏறினோம். அங்கே தொண்டர் எவரும் இல்லை. மேலே மேசையில் எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. 'முடித்தவர்' என்று எழுதிக்கொண்டார்கள். நம் மாணவர் காலூன்றியதைத் தொண்டர் கண்டார். நாம் ஊன்றியதைக் குரங்கு கண்டது. பட்டியலில் எங்களுக்குள் இருக்கும் வேறுபாடு அவ்வளவே. அவர் கேள்வி கேட்டபோது நாம் வாயடைத்து நின்றதற்குக் களைப்பு மட்டும் காரணமன்று.

அந்தப் பதக்கத்தைச் சென்ற மாதம், நடந்ததை எழுதிய கடிதத்தோடு, நடத்துவோருக்கே திருப்பி அனுப்பினோம். காலவரையறைக்குள் தம் வண்டியோடு மேலே வந்து சேர்ந்த எவரும் முடித்தவரே என்று நான்காம் விதியைத் திருத்துமாறும், காலூன்றாமல் ஏறுவோர்க்கும் கியர் இல்லாத வண்டியினர்க்கும் தனித்தனிப் பட்டியல் வைக்குமாறும், மேலே ஒருவரை அமர்த்திப் பிரேக் பார்த்த பிறகே வண்டிகளைக் கீழே விடுமாறும், பிரேக் தேறாத வண்டிகளைச் சரக்கு வண்டியில் ஏற்றி இறக்குமாறும் கேட்டிருந்தோம். விடை வரவில்லை. புதிய படிவந்தான் வந்தது.

மாணவரிடம் படிவத்தைக் காட்டினோம். இம்முறை வரமாட்டார் என்றே எண்ணியிருந்தோம். "வர்றேங்கையா. அன்னிக்கி எப்படியும் ஊருக்குப் போகணும், அம்மாவுக்கு அரிசி கொண்டுபோகணும்" என்றார். பத்துக் கிலோ மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொள்வாராம். அவருடைய படிவத்திலும் நம்முடையதிலும் நான்காம் விதியை மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் இருவரும் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறோம். பக்கத்து வீட்டாரின் பழைய கியரில்லா வண்டியொன்றை நாம் இரவல் கேட்டிருக்கிறோம். பின்சக்கரத்தில் கம்பி இரண்டு மாற்றவேண்டும், பிரேக் கட்டை நான்கும் புதிதாகப் போடவேண்டும். காலை ஐந்தரைக்குக் காரவள்ளியில் இருப்போம்.